பொதியில் முதல் பூங்கா வரை

நுழையும்முன்

வீடு, அதில் வாழ்வோருக்கு உரியது. கடை, விலை கொடுப்போருக்கு உரியது. இவ்விரண்டிற்கும் வெளியே, எவரும் காரணம் கூறாமல் வந்து நடக்கவும் அமரவும் படிக்கவும் பேசவும் உரிமையுடைய இடங்கள் உள்ளன. தெரு, சந்தை, பூங்கா, நூலகம், கடற்கரை ஆகியன அவை. ஓர் ஊர் எத்தகையது என்பதை அங்குள்ள மாளிகைகளைக் காட்டிலும் இவ்விடங்களே தெளிவாகக் காட்டுகின்றன. பொது இடங்கள் ஏன் தேவை என்பதையும், அவை உண்மையிலேயே அனைவருக்கும் பொதுவாவது எப்போது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

போர்க்களமும் அவையும்

காஞ்சிபுரத்திற்கு அருகில் அமைந்துள்ள சிற்றூர் புள்ளலூர். வரலாற்று நூல்கள் அவ்வூரை ஒரு போர்க்களமாகவே குறிப்பிடுகின்றன. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடுகள் கூறுகின்றன. 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், மைசூர்ப் படை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை இவ்வூர்ப் பகுதியில் முறியடித்தது.

அதே காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரோ வேறொரு காரணத்தால் புகழ்பெற்றது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலாக விளங்கும் மண்டபத்தின் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊராட்சி வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்ட ஊரில், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். இளையோரும் முதியோரும் கூடியிருக்கும் அவையின் நடுவே, செய்தி ஏதும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதனைப் பெறுபவர், ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படிப்பார். மறைவாக எதுவும் நிகழவில்லை என்பதற்கு ஊரே சான்று.

இம்முறையில் பொது இடம் ஆற்றிய பணி நோக்கத்தக்கது. ஓலையும் குடமும் மட்டும் நம்பிக்கையைத் தந்துவிடவில்லை. அனைவர் கண்முன்னும் நிகழ்வதற்கு ஓர் அவை இருந்ததனாலேயே நம்பிக்கை பிறந்தது. எனினும், இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் காணுதல் வேண்டும். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். அதன் அவை அந்தணர் அவை. நிலமும் சொந்த மனையில் வீடும் மறைநூற் கல்வியும் உடைய ஆடவரே வாரியத்திற்குத் தகுதி பெற்றனர். பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் உழைக்கும் மக்களுக்கும் அங்கு இடமில்லை. ஆகவே உத்திரமேரூர் இரண்டு பாடங்களைக் கற்பிக்கின்றது. பொது இடம் இன்றிப் பொதுவாழ்வு இல்லை என்பது ஒன்று. பொது எனப் பெயர் பெற்ற இடமெல்லாம் எல்லாருக்கும் பொதுவாகிவிடுவதில்லை என்பது மற்றொன்று.

சொல்லில் உறையும் வரவேற்பு

தமிழில் பொது இடத்தைக் குறிக்கும் சொற்கள் மிகப் பழமையானவை. மன்றம், அம்பலம், சதுக்கம், பொதியில் என அவை பலவாகும். பொது, இல் என்னும் இரு சொற்களின் சேர்க்கையே பொதியில். ஊருக்குப் பொதுவான இல்லம் என்பது அதன் பொருள். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, மாலையில் விளக்கேற்றப்பெற்ற பொதியில் ஒன்றைக் காட்டுகிறது. ஊருக்குப் புதிதாக வந்தோர் தங்கும் இடமாக அதனைக் குறிக்கிறது. பல நாட்டு வணிகர் வந்து சேர்ந்த அத்துறைமுக நகரில், அறிமுகமற்றவருக்கும் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை இதனால் அறியலாம்.

சிலப்பதிகாரம் அந்நகரின் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே மரநிழலில் அமைந்த நாளங்காடியைக் காட்டுகிறது. வணிகரும் தொழிலாளரும் வாழ்ந்த பகுதிக்கும், அரசரும் செல்வரும் வாழ்ந்த பகுதிக்கும் நடுவே சந்தை அமைந்தது. வெவ்வேறு நிலையில் வாழ்ந்தோர் நாள்தோறும் எதிர்ப்படும் இடமாக அது விளங்கியது. அக்காப்பியம் கூறும் ஐவகை மன்றங்களுள் ஒன்று இலஞ்சி மன்றம். உடற்குறையும் நோயும் உடையவர்கள் நீராடி நலம் பெறும் பொய்கையாக அது போற்றப்படுகிறது. காப்பியக் கற்பனை கலந்த செய்தியாயினும், பிறரால் ஒதுக்கப்பட்டோரை நினைந்து அமைத்த ஓரிடமும் நகரின் சிறப்புகளுள் ஒன்றாக எண்ணப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

நகருக்கு ஏன் தேவை?

சிற்றூரில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் அறிவர். நகரமோ அறிமுகமில்லாதோரின் கூட்டம். மொழி, சமயம், தொழில், வருவாய் ஆகியவற்றால் வேறுபட்ட பல்லாயிரம் பேர் அருகருகே வாழ்கின்றனர். ஒருவரையொருவர் காணாமலே அவர்கள் வாழ நேர்ந்தால், அறியாமை அச்சமாகவும் அச்சம் வெறுப்பாகவும் மாறக்கூடும். பூங்காவில் அருகருகே அமர்ந்திருப்போர் நண்பர்களாக ஆகாமற்போகலாம். ஆயினும், தம்மைப் போன்றே பிறரும் குழந்தையோடு விளையாடுவதையும் களைப்பாறுவதையும் காண்கின்றனர். இணைந்து வாழும் பழக்கம் இத்தகைய சிறிய காட்சிகளினால் உருவாகிறது.

பாதுகாப்பிற்கும் பொது இடம் துணைபுரிகிறது. அமெரிக்க நகரவியல் அறிஞர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் வெளியிட்ட நூலில், தெருவைக் காப்பவர்கள் காவலர்கள் மட்டுமல்லர் என விளக்கினார். கடைக்காரர், நடப்போர், வாயிலில் அமர்ந்திருப்போர் ஆகியோரின் கண்களே தெருவை இடையறாது காக்கின்றன என்பது அவர்தம் கருத்து. தமிழகத்துத் திண்ணைகள் இப்பணியைப் பன்னெடுங்காலம் செய்து வந்தன. வீட்டிற்கு உரியதாயினும் தெருவை நோக்கி அமைந்த திண்ணை, வழிப்போக்கருக்கு இளைப்பாறும் இடமாகவும் தெருவிற்குக் காவலாகவும் அமைந்தது.

கருத்துகள் வளர்வதற்கும் பொதுவெளி தேவைப்படுகிறது. சென்னை ஆளுநராக விளங்கிய கிராண்ட் டஃப், 1884-இல் கடற்கரையை ஒட்டி உலாவுவதற்கான பாதையை அமைத்து அதற்கு மெரினா எனப் பெயரிட்டார். மாலையில் காற்று வாங்குவதற்கென அமைந்த அக்கடற்கரை விரைவிலேயே மக்களின் பேரவையாக மாறியது. 1907-ஆம் ஆண்டு விபின் சந்திர பாலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்க மக்கள் திரளாகக் கூடினர். பாரதியாரும் அக்கடற்கரைக் கூட்டங்களில் பங்குகொண்டார். கட்டணமும் அழைப்பும் தேவைப்படாத மணற்பரப்பாக இருந்தமையால், எளியோரும் அங்கு விடுதலை முழக்கத்தைக் கேட்க முடிந்தது.

கல்விக்கும் இவ்விடங்கள் வாயிலாகின்றன. புள்ளலூர் போன்ற சிற்றூரிலிருந்து சென்னைக்குப் படிக்கச் செல்லும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். விடுதி அறையில் பலர் தங்கியிருப்பர். அமைதியாகப் படிப்பதற்கு இடமிராது. உணவகத்தில் அமர்ந்தால் பணம் செலவாகும். அந்நிலையில், ஏதும் வாங்காமல் பல மணி நேரம் அமர்ந்து படிக்க இசைவளிக்கும் இடம் பொது நூலகமே. 1896-இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும், 2010-இல் கோட்டூர்புரத்தில் தொடங்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் இத்தகையோருக்கு அடைக்கலமாக விளங்குகின்றன. பின்னதில், சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்குத் தனிப்பிரிவு உண்டு. பிரெய்லி நூல்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப்பிரிவுகள் உண்டு. வசதியுள்ளவருக்குப் பூங்காவும் நூலகமும் கூடுதல் நலன்கள். வசதியற்றவருக்கோ அவையே முற்றமும் படிப்பறையும் ஆகும்.

தெரிந்து தெளிவோம்

விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம், 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமாகும். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் இச்சட்டம் உருவாகப் பெரும் பங்காற்றினார். சொத்து வரியோடு சேர்த்துப் பெறப்படும் நூலக வரி, நூலகங்களை நடத்த உதவுகிறது. எனவே நூலகம், மக்கள் தம் பணத்தால் தமக்கென அமைத்துக்கொண்ட பொது இடமாகும்.

ஆணையில் திறந்தது, நடைமுறையில் மூடியது

பொது இடங்களுக்கான உரிமை எளிதில் கிடைத்ததன்று. சாதியின் பெயரால் கோடிக்கணக்கானோர் பொதுத்தெருவில் நடக்கவும் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும் தடுக்கப்பட்டனர். இந்நிலையை எதிர்த்துச் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் குரல் கொடுத்தவர் இரட்டைமலை சீனிவாசன். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் அவர். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம், மக்கள் கூடும் இடம் ஆகியவற்றை எச்சாதியினரும் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானத்தை 1924-இல் அவர் முன்மொழிந்தார். அது நிறைவேறியது.

ஆனால், தீர்மானம் நிறைவேறிய அளவில் தடைகள் நீங்கிவிடுவதில்லை என்பதற்கு மகாராட்டிரத்தின் மகாத் நகரம் சான்று. பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இல் இத்தகைய தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. அதனை ஏற்று மகாத் நகராட்சி தன் சவுதார் குளத்தை 1924-இல் அனைவருக்கும் உரியதாக அறிவித்தது. எனினும், ஒடுக்கப்பட்ட மக்களால் அக்குளத்து நீரை அள்ள இயலவில்லை. 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் அம்பேத்கர் மக்களோடு ஊர்வலமாகச் சென்று அந்நீரை அள்ளிப் பருகினார். அதற்காக அம்மக்கள் தாக்கப்பட்டனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. 1937-இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் அவர்களின் உரிமையை உறுதி செய்தது. அறிவிப்பிற்கும் இறுதித் தீர்ப்பிற்கும் இடையே கடந்தவை 13 ஆண்டுகள்.

இப்போராட்டங்களின் பயனை இந்திய அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பில் காணலாம். கடைகள், உணவகங்கள், பொழுதுபோக்கு இடங்கள் ஆகியவற்றில் நுழைவதற்கோ, அரசு நிதியால் பேணப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, மக்கள் கூடும் இடம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதற்கோ, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணங்காட்டி எக்குடிமகனையும் தடுத்தல் கூடாது என அது விதிக்கிறது. இன்று மாணவர் ஒருவர் பூங்காவில் எவர் அருகிலும் இயல்பாக அமர்வதற்குப் பின்னால் இத்தகைய நெடிய வரலாறு உள்ளது.

கண்ணுக்குப் புலப்படாத தடைகள்

சட்டம் தடையை நீக்கிய பின்னரும் சிலர் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர். அவர்களை எவரும் தடுப்பதில்லை. இடத்தின் அமைப்பே தடுத்துவிடுகிறது. மெரினாவின் அகன்ற மணற்பரப்பு, நடக்க இயன்றோருக்கு மகிழ்ச்சி தருவது. சக்கர நாற்காலியில் செல்வோருக்கோ சக்கரம் புதையும் தடை அது. கடற்கரை எவருக்கும் மூடப்படவில்லை. எனினும் அலையில் கால் நனைக்கும் எளிய இன்பம் அவர்களுக்கு எட்டாததாகவே இருந்தது. மாற்றுத்திறனாளிகள் தொடர்ந்து கோரியதன் விளைவாக, முதலில் ஆண்டிற்குச் சில நாள்கள் மட்டும் தற்காலிகப் பாதை அமைக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு நவம்பரில், கடலை நோக்கிச் செல்லும் நிரந்தர மரப்பாதை 263 மீட்டர் நீளத்தில் அமைந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலால் அதன் முனைப்பகுதி சேதமடைந்து, பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. பொது இடத்தை ஒருமுறை அமைத்தால் போதாது. தொடர்ந்து பேணுதலும் வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

ஆஸ்திரிய நாட்டின் வியன்னா நகரமும் இத்தகைய தடையொன்றைக் கண்டறிந்தது. அங்கே 1990-களில் மேற்கொண்ட ஆய்வில், ஒன்பது வயதைக் கடந்த சிறுமியர் பூங்காக்களுக்கு வருவது குறைந்துவிடுவது தெரிய வந்தது. எவரும் அவர்களை விரட்டவில்லை. திடலின் பெரும்பகுதி ஒரே வெளியாக இருந்தமையால், அதனைச் சிறுவர்கள் பந்தாட்டத்திற்கு எடுத்துக்கொண்டனர். சிறுமியர் போட்டியிடாமல் ஒதுங்கினர். 1999-இல் இரண்டு பூங்காக்கள் திருத்தி அமைக்கப்பட்டன. வெளியைப் பல பகுதிகளாகப் பிரித்து, நடைபாதைகளும் கைப்பந்து, இறகுப்பந்து ஆடுகளங்களும் அமைத்தனர். சிறுமியர் மீண்டும் வந்தனர். சிறுவர்களும் வெளியேறவில்லை. ஒருவருக்கு இடம் அளிப்பது மற்றவரின் இடத்தைப் பறிப்பதன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மங்கிய விளக்கு, தூய்மையற்ற கழிப்பறை, உயரமான நடைமேடை, குடிநீரின்மை ஆகிய ஒவ்வொன்றும் யாரேனும் ஒருவரை வரவிடாமல் செய்கின்றது. இருட்டிய பின் பூங்காவைத் தவிர்க்கும் பெண்ணும், கழிப்பறை இல்லாமையால் வீட்டிலேயே இருந்துவிடும் முதியவரும் புகார் அளிப்பதில்லை, வராமலே இருந்துவிடுகின்றனர். ஆகவே ஒரு பொது இடத்தை மதிப்பிடுவோர், அங்கு வந்திருப்போரை மட்டும் எண்ணுதல் போதாது. வராதவர் யார் என்பதையும் வினவுதல் வேண்டும்.

அமர ஓர் இடம்

வரவேற்கும் இடத்தை உருவாக்கப் பெரும்பொருள் தேவைப்படும் எனக் கருதுதல் பொருந்தாது. அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஒயிட், நியூயார்க் நகரின் சதுக்கங்களைப் படக்கருவியால் நெடுநாள் பதிவு செய்து ஆராய்ந்தார். சில சதுக்கங்கள் நிறைந்தும் சில வெறுமையாகவும் இருப்பதற்குக் காரணம் தேடினார். 1980-இல் வெளியான அவர்தம் நூல் கூறும் முடிவுகளுள் ஒன்று மிக எளியது. அமர்வதற்கு இடமுள்ள இடத்திலேயே மக்கள் அமர்கின்றனர். மக்கள் இருக்கும் இடத்திற்கே மேலும் மக்கள் வருகின்றனர்.

இவ்வுண்மையைத் தமிழகத்துச் சாலையோரங்கள் முன்னரே அறிந்திருந்தன. இரண்டு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி அமைத்த சுமைதாங்கிகளை இன்றும் சில ஊர்களில் காணலாம். தலைச்சுமையோடு தனியே நடப்பவர், சுமையை இறக்கவோ மீண்டும் ஏற்றவோ பிறர் துணையை நாட வேண்டியிருந்தது. சுமைதாங்கியின் உயரம் அத்தேவையை நீக்கியது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நிறுவும் வழக்கம் இருந்தது. முன்பின் அறியாத வழிப்போக்கரின் கழுத்து வலியை நினைந்து ஒரு கல்லின் உயரத்தைத் தீர்மானித்தவர்களின் மனமே, நல்ல பொது இடங்களை உருவாக்கும் மனம். சக்கர நாற்காலிக்கான சாய்தளமும், பேருந்து நிறுத்தத்தின் நிழற்குடையும் அம்மனத்தின் இக்கால வடிவங்கள்.

காப்பது யார்?

நிலத்தின் விலை உயர உயரப் பொதுவெளி சுருங்குகிறது. எவருக்கும் தனியுரிமை இல்லாத நிலம், பயனற்ற நிலமாகச் சிலருக்குத் தோன்றுகிறது. பெங்களூரில் பூங்காவிற்கென ஒதுக்கப்பட்ட மனையைத் தனியார் மருத்துவமனைக்கு வழங்கியதை எதிர்த்து அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தனர். பூங்காவிற்கான நிலத்தை அவ்வாறு மாற்றி வழங்குதல் கூடாது என 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனை நன்மை தருவதே. ஆயினும், அனைவருக்கும் உரிய திறந்தவெளியைத் தனியாருக்கு அளிப்பதற்கு அது காரணமாகாது என்பது தெளிவாயிற்று.

தமிழ்நாட்டு விதிகளும் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை மேம்பாடுகளில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளிக்கென ஒதுக்கும் முறையைக் கொண்டுள்ளன. ஒதுக்கிய நிலம் பூங்காவாக வளர்வதும் குப்பைமேடாக மாறுவதும் அப்பகுதி மக்களின் விழிப்பைப் பொறுத்தன. உத்திரமேரூர்க் கல்வெட்டு, தோட்ட வாரியத்திற்கு 12 பேரையும் ஏரி வாரியத்திற்கு 6 பேரையும் தேர்ந்தெடுத்ததைக் கூறுகிறது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் எனவும் அது விதிக்கிறது. பொதுவானவற்றைப் பேண ஆளும், அவர்களை வினவ அவையும் வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர். இன்று அவ்வினாவை எழுப்பும் உரிமை, நிலமுடையோருக்கு மட்டுமன்றி ஒவ்வொரு குடிமக்களுக்கும் உரியதாகும். ஊர்ச்சபைக் கூட்டங்களும் நகரங்களின் வார்டுக் குழுக்களும் அதற்கான அவைகள்.

புள்ளலூரில் படைகள் மோதின. அவை வந்த வழியே சென்றன. போர்க்களத்தில் ஒருவர் வெல்ல மற்றவர் வெளியேற வேண்டும். பொது இடத்தின் இயல்பு அதற்கு நேர்மாறானது. அங்கு ஒருவர் அமர்வதற்கு மற்றவர் எழுந்து செல்ல வேண்டுவதில்லை. வராதவரை நினைந்து, அவர் வருவதற்குத் தடையாக நிற்கும் கல்லையோ இருளையோ வழக்கத்தையோ அகற்றும்போதே, பொதியில் என்னும் பழஞ்சொல் தன் முழுப்பொருளைப் பெறுகிறது.